ஹெப்சிபாவுக்குப் போட்ட நாற்காலி

பொட்டியில ஒண்ணும் கோளாறு இல்லன்னு அதுக்குள்ள சொல்லிராதீங்க தம்பி. ரிப்பேர் பாக்க வந்து பத்து நிமிஷம்கூட ஆகல. உங்க போனுல இருந்து ஒரு பாட்டைப் போட்டீங்க, காதை வச்சுப் பாத்தீங்க, நல்லாத்தானம்மா இருக்குன்னுட்டீங்க. டாக்டர்கிட்ட போனா எப்ப இருந்து வலிக்குன்னு கேப்பாரா மாட்டாரா? அந்த மாதிரிக் கேளுங்க. உக்காருங்க. அந்த நாற்காலியில வேண்டாம், அது வேற ஆளுக்குப் போட்டது. சரி, பரவால்ல, அதுலயே உக்காருங்க. அங்கதான் நல்லாக் கேக்கும்.

இருங்க, தொண்டையைச் செருமிக்கிடுதேன். ரெண்டு செருமல் செருமினாத்தான் எனக்குக் குரலே எழும்பும். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். லீதியாள் ரெண்டு தடவை செருமிட்டா இனிப் பாட்டுதான்னு எங்க சபைப் போதகர் ஐயரே சொல்லிச் சிரிப்பாக.

இந்தப் பொட்டி என் மகன் தோஹாவுல இருந்து கொண்டு வந்தது. மேல இந்தப் பள்ளத்துல போனைச் சொருகினா போதும், சார்ஜும் ஏறும், போனுல உள்ள பாட்டு இதுல பாடும். பிரசங்கம் கேளும்மா, கீர்த்தனை கேளும்மான்னு வச்சுட்டுப் போனான். ரெண்டு மாசம் நான் உறையைக்கூடப் பிரிக்கல. பாடத் தெரிஞ்சவளுக்குப் பொட்டி எதுக்கு? அப்படிச் சும்மா கிடந்தவளை இந்தச் சோலியில இழுத்துவிட்டது ஹெப்சிபாதான்.

ஹெப்சிபா யாருன்னா, எங்க வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்த தங்கச்சி. எனக்கு நாத்தனார். பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. தங்கச்சின்னா அவுகளுக்கு உயிரு. அவளுக்கும் அண்ணன்னா உயிரு. எனக்குத்தான் அவளைக் கண்டா உயிரு போவுது.

எங்க சபையில கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கீத ஆராதனை வைப்பாக. பாளையங்கோட்டையில பாதி ஜனம் அங்கதான் இருக்கும். அதுல ஒரே ஒரு தனிப்பாட்டு. பதினோரு வருஷம் அதைப் பாடினது யாருன்னு நினைக்கீங்க? நான்தான். முன்வரிசையில, நடுவுல, பட்டுச் சேலை கட்டி நிப்பேன். நான் பாடி முடிச்சா ஒரு இருமல் கேக்காது. பதினோரு வருஷம் தம்பி. ஒரு வருஷம் காய்ச்சலோட பாடினேன்.

போன வருஷம் ஹெப்சிபாவைப் பாடகர் குழுவுக்குத் தலைவியாப் போட்டாக. வந்து மூணு வாரம் ஆகல. ரிகர்சல் நேரம், இருபது பேரு நிக்காக. என் பக்கத்துல வந்து தோள்ல கையை வச்சா.

“மதினி, உங்க குரல் இறங்கிட்டு. நீங்க பின்வரிசையில ஆல்ட்டோவுக்கு வந்துருங்க.”

ஆல்ட்டோன்னா கீழ்க்குரல். மத்தவ பாடுறதுக்கு அடியில முட்டுக் கொடுக்கிற குரல். குரல் இறங்கிட்டாம். இறங்குறதுக்கு அது என்ன கிணத்து வாளியா? அதட்டிச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சிரிச்சுக்கிட்டே சொன்னா, அதுவும் ரொம்பப் பதனமா, நோயாளிகிட்டப் பேசுற மாதிரி. பின்வரிசையில ஒரு பழைய பீரோ உண்டு, அதுக்குள்ள விளக்குமாறும் கிழிஞ்ச பாட்டுப் புத்தகமும் கிடக்கும். அந்தப் பீரோவை ஒட்டித்தான் என்னை நிறுத்தினா. தனிப்பாட்டை யாரோ ஒரு காலேஜ் பிள்ளைக்குக் கொடுத்தா. அன்னைக்கு ஆராதனையில நான் வாயை அசைச்சேனே ஒழிய ஒரு எழுத்துப் பாடல.

அன்னைக்கே மனசுல முடிச்சுப் போட்டுட்டேன். ஜெபமும் பண்ணினேன், பண்ணாம இல்ல. பழியெல்லாம் ஆண்டவர் பாத்துக்கிடுவாருன்னு ஐயரு சம்சாரம், ஐயரம்மா சொல்லுவாக. அவருக்கு ஆயிரம் சோலி. இது ஒண்ணை நான் பாத்துக்கிடுதேன்னு அவருகிட்டயே சொல்லிட்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாகல்லா. அதுதான் என் யோசனை. அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது. அவ வாயே அவளைக் கெடுக்கணும்.

ஆகஸ்டு மாசம் சபையில ஒருத்தரு புது வீட்டுப் பிரதிஷ்டைக்குக் கூப்பிட்டிருந்தாக. ஜெபம் முடிஞ்சதும் ஹெப்சிபா ஒரு கீர்த்தனை பாடுவான்னு ஐயர் சொன்னாக. நான் போனுல ரெக்கார்டைப் போட்டு, பைபிள் உறைக்குள்ள வச்சு, ஜிப்பைப் பாதி திறந்துவிட்டு, நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். தாடைக்குக் கீழ இருக்கு போனு. பாத்தவக என்ன பக்தின்னு நெனச்சிருப்பாக. ஒருத்தர் தனியாப் பாடும்போது மத்தவக வாயை மூடிட்டு இருக்கணும், அது எங்க வழக்கம். நானும் மூடிட்டுத்தான் இருந்தேன். பல்லவியில இருந்து கடைசிச் சரணம் வரைக்கும் வாயைத் தொறக்கல.

மறுநாள் காலையில குளிக்கிற ரூம்புக்குள்ள போயி, குழாயைத் திறந்துவிட்டு, போனைக் காதுல வச்சுக் கேட்டேன். தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ரெண்டாம் சரணத்துல சுருதி நழுவுது. மூணாம் சரணத்துல இழுக்குது. ஒரு இடத்துல பாட்டு ஒரு பக்கம் போவுது, குரல் ஒரு பக்கம் போவுது. யாருக்குக் குரல் இறங்கிட்டு? எனக்கா? பாட்டு டீச்சரு இப்படியா பாடுவா? நாப்பது தடவையாவது கேட்டிருப்பேன். தலைவலி வந்தாக்கூட அதைக் கேட்டா போயிரும்.

கேட்டவ நான் மட்டும் போதுமா? சபைப் பொம்பளைக எல்லாரும் கேக்கணும். ஐயரம்மா கேக்கணும். கேட்டாகன்னா, ஏன் இவளைத் தலைவியாப் போட்டோம்னு அவுகளே யோசிப்பாக, தனிப்பாட்டு என் கைக்குத் திரும்பிரும். ஆனா போனுல போட்டா கொசு பாடுற மாதிரி இருக்கு. பதினெட்டுப் பொம்பளைக இருக்கிற ரூம்புல, ஃபேன் சத்தத்துல, அது யாரு காதுல விழும்? அப்பதான் இந்தப் பொட்டி ஞாபகம் வந்துச்சு. அவ இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் பட்டவர்த்தனமாக் கேக்கணும்னு உறையைப் பிரிச்சேன்.

மகனை வீடியோவுல கூப்பிட்டு, இதை எங்க வச்சா நல்லாக் கேக்கும்னு கேட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம், அம்மா பாட்டுக் கேக்க ஆரம்பிச்சுட்டான்னு. கண்ணாடி மேல வைக்காத, காது மட்டத்துக்கு இருக்கட்டும், சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி வை, மூலையில மட்டும் வைக்காத, அடிச்சத்தம் ஏறிரும்னான். சரின்னு ஆரம்பிச்சேன். முதல்ல ஃப்ரிட்ஜ் மேல வச்சேன். ஃப்ரிட்ஜ் நடுங்குற நடுக்கம் இதுலயும் சேந்து வந்துச்சு. பொறவு ஷோகேஸ் மேல. அதுல கல்யாணத்துக்கு வந்த கப்பு சாஸரெல்லாம் கிலுகிலுன்னுச்சு, கண்ணாடிக் கதவு தனியா அதிருது. டீப்பாயில வச்சா சத்தம் முழங்காலுக்குத்தான் போவுது, காதுக்கு வரல.

கடைசியில என் தையல் மிஷினைப் பாத்தேன். மர மேசை, கனம், உயரமும் சரி. மிஷினைக் கழத்தி உள்ள வச்சுட்டு, அந்த மேசையைச் சுவத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டேன். பழைய ரப்பர் செருப்பை நாலு துண்டா நறுக்கிப் பொட்டிக்கு அடியில கொடுத்தேன், பாருங்க, இன்னும் இருக்கு. கனத்த திரைச்சீலை சத்தத்தைத் தின்னுதுன்னு தெரிஞ்சு அதைக் கழத்திட்டு மெல்லிசு போட்டேன். வெறுந்தரையில சத்தம் எதிரடிக்கிதுன்னு பாயை விரிச்சேன். ஒரு பிரசங்கத்தைப் போட்டுட்டு, சாக்கட்டியைக் கையில வச்சுக்கிட்டு ஹால் முழுக்க நடந்தேன். எந்த இடத்துல நின்னா ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக் காதுல விழுதோ, அங்கன தரையில ஒரு பெருக்கல் குறி. ஒரு வாரம் போட்டுப் போட்டு அழிச்சேன். கடைசியா நின்ன குறி மேலதான் இந்த நாற்காலி. நீங்க உக்காந்திருக்கீங்கல்லா, அது ஹெப்சிபாவுக்குப் போட்டது. அவ அவளையே நல்லாக் கேக்கணும்னு போட்டது.

எங்க வீட்டுல அவுக, நான் பிரசங்கத்துல மூழ்கிட்டேன்னு சந்தோஷப்பட்டாக. உனக்கு மனசு ஆறிட்டு போல லீதியான்னு ஒருநாள் கேட்டாக. ஆறிட்டு ஆறிட்டுன்னேன்.

அப்ப அந்தப் பாட்டையே ஒருக்காப் போட்டுப் பாத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எப்படிப் போட? அவுக ரிட்டயர் ஆகி நாள் முழுக்க வீட்டுல இருக்காக. தங்கச்சி குரலு காதுல விழுந்தா, இது எதுக்குன்னு கேக்கமாட்டாகளா? அதனால அதைக் காதுலயேதான் கேட்டேன். பொட்டியில ஒரு தடவைகூடப் போடல.

எங்க சபையில பெண்கள் ஐக்கிய சங்கம் மாசம் ஒரு வீட்டுல கூடும். போன வியாழக்கிழமை என் வீட்டு முறை. மத்தியானம் மூணு மணிக்குப் பதினெட்டுப் பேரும் வந்துட்டாக. ஹெப்சிபாவைக் கையைப் பிடிச்சுக் கொண்டு வந்து இந்த நாற்காலியில உக்காத்தினேன். எனக்கு எதுக்கு மதினி நடுவுல, ஐயரம்மா உக்காரட்டுமேன்னா. நீதான் உக்காரணும்னேன். ஜெபம் முடிஞ்சு, முறுக்கும் காப்பியும் கொடுத்து, எல்லாரும் பேச ஆரம்பிச்சதும் எனக்கு ஒரு பயம். இம்புட்டுப் பேச்சுல சத்தம் பத்தாதோன்னு. மகன் சொன்னது ஞாபகம் வந்துச்சு, மூலையில வச்சா அடிச்சத்தம் ஏறும்னு. ஏறட்டுமே, ஏறினா நல்லதுதானன்னு மேசையை அப்படியே அந்த மூலைக்குத் தள்ளினேன். நாற்காலியை மட்டும் அசைக்கல.

ஒரு பாட்டுப் போடுதேன், யாரு பாடுதான்னு சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனைச் சொருகினேன்.

முதல்ல ஹெப்சிபா குரல். பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருந்துச்சு, பொட்டியைக் குறை சொல்லக் கூடாது. எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாக. நான் அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன், எப்பக் கறுக்கும்னு. ரெண்டாம் சரணத்துக்கு முந்தி, திடீர்னு, பொட்டிக்குள்ள ரெண்டு செருமல். அதுக்குப் பொறவு அடியில இன்னொரு குரல் வருது. கனத்த குரல். ம்ம்ம்னு முனகிக்கிட்டே கூட வருது. ஹெப்சிபா மேல ஏறும்போது அது ஏறமாட்டேங்குது. அவ ஒரு வரியை முடிச்ச பொறவும் இது இழுத்துக்கிட்டு நிக்குது. ஹெப்சிபா குரலு நழுவவே இல்ல தம்பி. நான் நாப்பது தடவை கேட்ட நழுவல் பூராவும் அந்தக் குரலுல இருக்கு. அதுவும் மூலையில வச்சேனா, அடிச்சத்தம் ஏறி, அவ குரலை அமுக்கிட்டு ஹால் முழுக்க அந்த முனகல்தான்.

மூணாம் சரணத்துக்கு முந்தி திரும்பவும் ரெண்டு செருமல். யாரோ ஒருத்தி குனிஞ்சுக்கிட்டா. ஒருத்தி முறுக்கைக் கடிச்சவ கடிச்சபடியே நிறுத்திட்டா. கூட யாரு பாடுதாகன்னு ஐயரம்மா கேட்டாக. கேட்டுட்டு, கேட்டிருக்கக் கூடாதோன்னு அவுகளே தலையைக் குனிஞ்சாக. நான் போனைப் பிடுங்க எழும்பினேன்.

அப்பதான் ஹெப்சிபா பேசினா.

“அந்த முனகல் நான்தான். அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. நல்லாப் பாடுறது மதினி. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. இந்த வருஷம் தனிப்பாட்டு மதினிதான் பாடணும்.”

சொல்லிட்டு என்னைப் பாக்கவே இல்ல. மத்தவளுக எல்லாம் ஆமா ஆமான்னாளுக. அந்தப் பிரதிஷ்டைக்கு அவளுகளும் வந்திருந்தவளுகதான். பாடினது யாருன்னு பதினெட்டுப் பேருக்கும் தெரியும். ஹெப்சிபாவுக்கு நாப்பது வருஷத்துல தொண்டை கட்டி நான் பாத்ததில்ல. ஸ்தோத்திரம்னு ஐயரம்மா சொன்னாக, எல்லாரும் ஸ்தோத்திரம்னாளுக. போகும்போது ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடிச்சுட்டுப் போனா. ஆளு செத்த துட்டி வீட்டுல பிடிப்பாகல்லா, அப்படி.

ஜெயிச்சுட்டேன். இல்லியா? அவ பாட்டு சரியில்லன்னு அவ வாயாலயே சொல்லிட்டா. தனிப்பாட்டு எனக்கு வந்துட்டு. நான் என்ன கேட்டேனோ அதெல்லாம் நடந்துட்டு. அப்ப ஏன் எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது?

எங்க வீட்டுல அவுக அப்ப உள்ரூம்புல இருந்தாக. எல்லாரும் போன பொறவு வெளிய வந்து, பொட்டி மேல ஒரு துண்டைப் போட்டு மூடினாக. ஏன்னு கேட்டேன். தூசி விழும்னாக. நீங்க ஏதாவது கேட்டீகளான்னேன். எனக்குக் காது மந்தம்னாக. காது மந்தமா? தெருமுனையில காய்க்காரன் கூப்பிட்டா முதல்ல எழும்புறது அவுகதான்.

மறுநாள் ஹெப்சிபா வந்தா. பாட்டுக் காகிதத்தைக் கையில எழுதிக் கொண்டு வந்திருந்தா. உங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு சுருதியை ரெண்டு கட்டை இறக்கி எழுதியிருக்கேன் மதினின்னு சொன்னா. பாத்தீங்களா அவ கெட்டிக்காரத்தனத்தை? திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஏன் மதினி இப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீ ஏன் என்னைப் பீரோப் பக்கத்துல நிறுத்தினன்னு நானும் கேட்டிருப்பேன், ரெண்டு பேரும் அழுதுட்டு முடிச்சிருப்போம். அவ கேக்கல. மன்னிச்சுட்டுக் காகிதத்தைக் கொடுத்துட்டுப் போயிட்டா. அதை மட்டும் நான் சாகுற வரைக்கும் அவளுக்கு மன்னிக்கமாட்டேன்.

அவ போனதும் இதைத் திரும்பப் போட்டேன். அவுகளைக் கடைக்கு அனுப்பிட்டு, மூலையில இருந்து இழுத்துப் போட்டுக் கேட்டேன். ஃப்ரிட்ஜ் மேல வச்சுக் கேட்டேன். கப்பு சாஸர் கிலுகிலுன்னாலும் பரவால்லன்னு ஷோகேஸ் மேல வச்சேன். திரைச்சீலையைத் திரும்ப மாட்டினேன், மேல தலகாணியைக்கூட வச்சு அமுக்கினேன். எங்க வச்சாலும் அந்த முனகல் வருது. போனைக் காதுல வச்சா அந்தக் கொசுச் சத்தத்துல அது இல்ல. அப்ப கோளாறு எதுல? பொட்டியிலதான. அதனாலதான் உங்க ஆபீசுக்கு நாலு தடவை போன் போட்டேன். என்னைக் கோட்டிக்காரின்னு நெனச்சிருப்பாக.

நீங்க உங்க பாட்டைப் போட்டுச் சரியா இருக்குன்னு சொன்னா எப்படி? என்னுதைக் கேளுங்க. இந்தா போடுதேன். நாற்காலியில நேரா உக்காருங்க, காது இந்தப் பக்கம் இருக்கட்டும். இது ஹெப்சிபா. நல்லாத்தான் பாடுதா, அதை யாரு இல்லன்னா. இனிதான் வரும், கவனமாக் கேளுங்க, நான் பேசல.

என்ன தம்பி, பொட்டியைப் பாக்காம என்னையப் பாக்கீங்க?

மூணு குரலா? மூணு எப்படி வரும், ரெண்டுதான இருக்கும். ஒண்ணு அவ, ஒண்ணு அந்த முனகல். மூணாவது யாரு?

யாரு, நானா? இப்ப, இங்கயா? நான் வாயைத் தொறக்கவே இல்லையே.

நிறுத்துங்க. போனை வெளிய எடுத்துருங்க தம்பி.

காப்பி ஆறிட்டு, குடிங்க. நீங்க சீட்டு எழுதுவீங்கல்லா, என்ன கோளாறுன்னு போட்டு? எழுதுங்க. பொட்டியில கோளாறு, உள்ள இல்லாத சத்தம் வருதுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டு உங்க ஆபீசு சீலும் வச்சுக் கொடுங்க. நாளைக்கு முதல் ரிகர்சல். அதை அவகிட்டக் காட்டிட்டுத்தான் நான் முன்வரிசையில போயி நிக்கணும்.